ஜார்ஜ் சத்திரத்தோட காணாம போன ரெண்டு பக்கம்

மூணு வாரமா ஜார்ஜ் இன் பின்னாடியே தான் சுத்திட்டு இருக்கேன். லண்டன்ல மாடி வராந்தாவோட தப்பிச்சு நிக்கிற ஒரே பழைய கோச் (பயணிகள் குதிரை வண்டி) சத்திரம், சதர்க் பகுதியில பரோ ஹை ஸ்ட்ரீட்ல ஒரு சந்துக்குள்ள இருக்கு.

முதல் வாரம் தேடினதுல பாதி வீண். இங்கிலாந்துல ஊருக்கு ஊர் ஒரு ஜார்ஜ் சத்திரம் இருக்கு, எதோட கதையையோ எடுத்து இங்க எழுதி வச்சுட்டேன், அப்புறம் சதர்க்னு பேர் இல்லாத எந்த குறிப்பையும் தொடறதில்லன்னு முடிவு பண்ணேன். 1543 மேப்லயே சத்திரம் இருக்கு, அத வச்சு கட்டடமும் அவ்ளோ பழசுன்னு நெனச்சது தப்பு, 1676 தீயில சதர்க்ல பெரும்பகுதி எரிஞ்சு, அதுக்கப்புறம் கட்டினது தான் இப்ப நிக்குது.

1750-ல வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வர்ற வரைக்கும் தெற்கேருந்து தேம்ஸ் ஆத்த தாண்டி சிட்டிக்குள்ள போக லண்டன் பிரிட்ஜ் ஒண்ணு தான் பாலம், ராத்திரி கதவ சாத்திட்டா கென்ட், சசெக்ஸ்லருந்து வந்தவங்க இந்த தெருவுல தங்கித்தான் ஆகணும். டபார்ட், ஒயிட் ஹார்ட்னு பக்கத்துலயே வரிசையா இருந்த சத்திரங்கள் எல்லாம் இடிஞ்சு போச்சு.

சனிக்கிழமை முற்றத்துல நின்னு பழைய மேப்ப மொபைல்ல திருப்பி திருப்பி பார்த்தேன். மேப்ல மூணு பக்கமும் கட்டடம், நேர்ல இப்ப நிக்கிறது தெற்கு பக்கம் மட்டும், மேல ரெண்டு அடுக்கு மர வராந்தா, கைப்பிடி கம்பி ஒவ்வொண்ணும் கடைஞ்செடுத்த மரம். 1870கள்ல இடம் கிரேட் நார்தர்ன் ரயில்வே கைக்கு போச்சு, 1889-ல குடோனுக்காக மத்த ரெண்டு பக்கத்தையும் இடிச்சுட்டாங்க. கோச் ஓட்டத்த நிறுத்தினதும் ரயில், சத்திரத்த இடிச்சதும் ரயில், அந்த வருஷத்த படிச்சப்ப வயிறு எரிஞ்சுது. மிச்சம் 1937-ல பழைய கட்டடங்கள காப்பாத்துற நேஷனல் டிரஸ்ட் அமைப்புகிட்ட வந்ததால தான் நமக்கு இவ்வளவாச்சும் இருக்கு.

உள்ள பழைய பார் தான் அப்ப கோச்சுக்கு காத்திருந்த ரூம். சுவத்துல பெரிய கடிகாரம் ஒண்ணு, இந்த வகைக்கு பார்லிமென்ட் கிளாக்னு பேர். 1797-ல பார்லிமென்ட் கடிகாரத்துக்கு வரி போட்டப்ப வந்ததுன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா இந்த வகை அதுக்கு பல வருஷம் முன்னாடியே இருந்துச்சு, வரியும் அடுத்த வருஷமே ரத்து ஆயிடுச்சு.

இந்த வாரம் பழைய டைரக்டரிய எடுத்துருக்கேன், இந்த முற்றத்துலருந்து எந்த கோச் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு கிளம்புச்சுன்னு ஒவ்வொண்ணா குறிக்கணும்.