பச்சை வட்டம்

ஏ.எல். பரீட்சைக்குப் பிறகு தம்பியின் தூக்கம் கெட்டது. லயத்துச் சுவருக்கு அப்பால் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பான். மனநலக் கிளினிக் என்று வாயெடுத்தாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். ஹட்டனில் கடை வைத்திருக்கும் மாமாதான், கண்ணை ஸ்கேன் எடுத்தே மனநோயைக் கண்டுபிடிக்கிறார்களாம் என்று ஒரு காணொளியைக் காட்டினார். அதற்கு அப்பா மறுப்புச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் கூச்சமின்றிச் சொல்லக்கூடிய காரணமாயிற்றே!

கண்டியில் தனியார் கண் மருத்துவ நிலையம் ஒன்றில் எடுத்தோம். ஓ.சி.டி. (OCT) ஸ்கேன் என்பார்கள், 1991இல் அறிமுகமான முறை. கண்ணைத் தொடாமல் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கிறது. தம்பி தாடையை ஊன்றி, நெற்றியைப் பட்டியில் அழுத்தியபடி உள்ளே தெரிந்த புள்ளியையே பார்த்திருந்தான். அறிக்கையில் விழித்திரையின் நரம்பிழைப் படலத்தின் தடிப்பு மைக்ரோமீட்டரில் இருந்தது. வட்டம் முழுக்கப் பச்சை, அதாவது வழக்கமான அளவு. “ஒன்றுமில்லை, பார்த்தாயா?” என்றார் அப்பா. எனக்கோ அந்தப் பச்சைதான் பயமாக இருந்தது. இதோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவாரோ?

சமாளித்து அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். வைத்தியர் அறிக்கையைப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோய் உள்ள பலரை மற்றவர்களோடு ஒப்பிட்டால் அந்தப் படலம் சராசரியாகச் சற்று மெலிந்திருக்கிறதாம். ஆனால் கண் நரம்பைப் பாதிக்கும் குளுக்கோமா, நீரிழிவு இருந்தாலும் மெலியும். தனியொருவருக்கு நோய் உண்டா இல்லையா என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது என்றார். நெற்றியில் ஒளியைச் செலுத்தி மூளையின் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சோதனைக்கு ஜப்பானில் 2014 முதல் காப்புறுதி உண்டு என்று பிறகு படித்தேன். அங்கும் அது வைத்தியரின் கணிப்புக்குத் துணைதான்.

அதன் பின் கேள்விகள்தான். தூக்கம் எப்போது போனது, கஞ்சா பழக்கம் உண்டா, சொந்தத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா? சிங்களத்தில் கேட்டதை ஒரு தாதி தமிழில் சொன்னார். தீபாவளிக்கு முன்பிருந்தே அவன் ஜன்னல் இடுக்குகளில் பத்திரிகைத் தாளைச் சுருட்டிச் செருகி வந்ததை அம்மா சொன்னார். எங்கள் யாருக்கும் தெரியாது. வைத்தியர் நிமிர்ந்து, எத்தனை மாதம் இருக்கும் என்று இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். தைரோயிட் உட்பட இரத்தப் பரிசோதனைக்குத் துண்டு தந்தார். மருந்து அன்றே தொடங்கியது.

அரச கிளினிக்கில் கட்டணம் இல்லை. ஸ்கேனுக்குக் கடன் வாங்காதீர்கள். கூடவே இருந்து பார்த்தவரை அழைத்துப் போங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.