ஒரு 'இல்லை' கூட வராத ஃபார்ம்

ஆஸ்திரேலியாவில் சோஷியல் வொர்க் முதுகலைக்கு 1,000 மணி நேரக் களப்பயிற்சி கட்டாயம். எனக்குப் பாதி ஆலிஸ் ஸ்பிரிங்ஸில், அபோரிஜினல் மக்களே, அதாவது அந்நாட்டுப் பூர்வகுடிகளே, நடத்தும் ஒரு நிறுவனத்தில் அமைந்தது. வடக்குப் பிரதேசத்தில் குழந்தைகளோடு வேலை செய்ய 'ஓக்கர் கார்டு' என்ற அனுமதி அட்டை வேண்டும். அது கைக்கு வந்ததும் கேஸ் ஃபைலைக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். முதல் வாரம் முழுக்க டீதான்.

என் வழிகாட்டி, அந்த ஊர்ப் பூர்வகுடியான அரெர்ன்டே இனத்துப் பெண்மணி. எல்லாரும் 'ஆன்ட்டி' என்பார்கள். நாம் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடும் ஆன்ட்டி இல்லை. ஊர் மூத்தவருக்குக் கொடுக்கும் மரியாதை அது.

பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க நேர்ந்தால் முதலில் சொந்தக்காரர்களிடம் விடப் பார்க்கவேண்டும் என்பது அங்கே விதி. அப்படிப் பேரனை வைத்திருந்த ஒரு பாட்டியிடம் ஃபார்மோடு போனேன். எல்லாக் கேள்விக்கும் "ஆமாம்". அரை மணியில் முடித்துவிட்டுப் பெருமையாகத் திரும்பினேன்.

ஆன்ட்டி ஃபார்மைப் புரட்டினார். "எத்தனை 'இல்லை' வந்தது?"

ஒன்றுகூட இல்லை.

"அப்போ உன்னைச் சீக்கிரம் கிளப்பிவிட்டிருக்கிறார்."

மறுநாள் ஊருக்கு வடக்கே பழைய டெலிகிராஃப் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1932 முதல் 1942 வரை 'பங்களா' என்ற பெயரில், வெள்ளையர் கலப்பில் பிறந்த அபோரிஜினல் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்து வைத்த இடம். இப்படிப் பிள்ளைகளைப் பிரித்ததைப் பற்றிய 1997 அறிக்கையை வகுப்பில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் பேனாவுமாக ஓர் ஆள் வாசலில் வந்து நின்றால் அந்தப் பாட்டிக்கு என்ன தோன்றும் என்று மட்டும் யோசித்ததில்லை.

நடுவில் ஒரு சாவு. 'சாரி பிசினஸ்' என்னும் துக்கச் சடங்குகள் முடியும்வரை எந்தச் சந்திப்பும் கிடையாது. மணிக்கணக்கு குறைகிறதே என்று நான் புலம்பினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த முறை ஃபார்ம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் கூட வந்தார். மரநிழலில் உட்கார்ந்தோம். பாட்டி வெகுநேரம் பேசவில்லை. வாயை அடக்குவது எனக்குப் பெரும்பாடு. பிறகு மணலை உள்ளங்கையால் தடவி, விரலால் கோடு போட்டு உறவுகளைக் காட்டினார். பையனுக்கு நான்கு அம்மாக்கள்: பெற்றவள், அவளுடைய அக்கா தங்கைகள். ஃபார்மில் 'தாய்' என்று ஒரு வரிதான் இருந்தது.

"எங்க ஊர்லயும் பெரியம்மா, சின்னம்மா உண்டு!" என்று குதித்தேன். பாட்டி சிரித்தார். காரில் ஆன்ட்டி கேட்டார்: "பெரியம்மா வீட்டில் வளர்கிறது என்று உங்கள் பிள்ளையை யாராவது தூக்கிக்கொண்டு போனார்களா?"

மூன்றாம் முறை, பையனை டவுன் பள்ளிக்கு மாற்றலாமா என்றதற்குப் பாட்டி "வேண்டாம்" என்றார். ஃபார்மில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.