முதல் வருஷத்து குவார்ட்டர்பேக்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் புதிதாக வந்த குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) நாலு மேட்ச் தோற்றாலே "இவன் தேறமாட்டான்" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

2002 டிராஃப்ட்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் நிகழ்வில், ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி முதல் ஆளாக டேவிட் காரை எடுத்தது. அணிக்கே அதுதான் முதல் சீசன். அவருக்கு அரணாக நிற்கவேண்டிய வரிசை முழுக்க ஓட்டை. அந்த ஒரே சீசனில் அவரை 76 முறை பந்தோடு சாய்த்தார்கள். பந்தை வாங்கி நிமிர்வதற்குள் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவர் மேலே வந்து விழுந்தால், எங்கே பார்த்து எறிவது?

ஜாரட் காஃப் கதையைப் பாருங்கள். 2016-இல் ராம்ஸ் அணிக்குத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய ஏழு மேட்சிலும் தோல்வி. அவர் எறிந்ததில் ஸ்கோராக முடிந்தது (டச்டவுன்) 5, எதிரணி பிடித்துக்கொண்டது (இன்டர்செப்ஷன்) 7. அடுத்த வருஷம் ஷான் மெக்வே பயிற்சியாளராக வந்தார். அரண் வரிசையில் இடப்பக்கம் காக்கும் இடது டாக்கிள் இடத்துக்கு அனுபவசாலி ஆண்ட்ரூ விட்வொர்த் வந்தார். பயிற்சியாளர் பேசுவதைக் கேட்க குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கர், ஆட்டத்தின் அடுத்த நகர்வைத் தொடங்க அவகாசம் காட்டும் ப்ளே கிளாக்கில் 15 நொடி மிச்சமிருக்கும்போது அணைந்துவிடும். மெக்வே அணியைச் சீக்கிரமே வரிசையில் நிறுத்திவிடுவார். ஸ்பீக்கர் அணையும்வரை, எதிரணி எப்படி நிற்கிறது என்று காஃபின் காதில் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த வருஷம் 28 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன். அதே ஆள், அதே கை!

அதனால் முதல் வருஷத்தில் வெற்றி தோல்விக் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நெருக்கடி வரும்போது புது குவார்ட்டர்பேக்கின் கண், பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களைத் தேடுகிறதா என்றுதான் பார்ப்பேன். 2023-இல் கரோலினா பேந்தர்ஸ் அணி, குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை டிராஃப்ட்டில் முதல் ஆளாக எடுத்துவிட்டு, 11 மேட்சிலேயே பயிற்சியாளரை அனுப்பிவிட்டது. அந்த வருஷத்தை வைத்து யங்கை எடைபோட எனக்கு மனசு வரவில்லை.