கொரோவின் ஆகார்: தாளில் எண்ணெய் வண்ண ஸ்கெட்ச், இதுவரை

பிரெஞ்சு ஓவியர் கமீல் கொரோ 1835-இல் பாரிஸ் சலோன் ஓவியக் கண்காட்சியில் வைத்த ‘வனாந்தரத்தில் ஆகார்’ (பாலைவனத்தில் மகனோடு தவிக்கும் பைபிள் தாயின் காட்சி) இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 180 செ.மீ., அகலம் 270. இத்தனை பெரிய கேன்வாஸில் எடுத்த எடுப்பில் கை வைக்க முடியாது. மரம், பாறை எல்லாம் வெளியில் உட்கார்ந்து தனித்தனி ஸ்டடியாக, அதாவது பயிற்சிப் படமாக, முன்கூட்டியே தீட்டப்படும். முழுக் காட்சியும் எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம் என்று ஒரு சின்ன ஸ்கெட்ச்சில் முடிவாகும். இந்தப் படத்தின் பெரிய மரத்துக்கு, ஃபோந்தேன்ப்ளோ காட்டில் தீட்டிய ஓக் மர ஸ்டடி உதவியது. அதுவும் தாளில் எண்ணெய் வண்ணம்தான்.

அதே வழியில், அதே காட்சிக்கு 27 × 18 செ.மீ. அளவில் ஒரு ஸ்கெட்ச் தீட்டிவருகிறேன். உயரம், அகலம் இரண்டிலும் மூலத்தில் பத்தில் ஒன்று.

முதலில் தாள். 300 ஜி.எஸ்.எம். வாட்டர்கலர் தாளே போதும், ஆனால் வெறும் தாளில் எண்ணெய் வண்ணம் தீட்டினால் எண்ணெய் உள்ளே இறங்கிப் பின்பக்கம் மஞ்சள் வளையம் விழும். வருடங்கள் போகப்போகத் தாள் மொரமொரவென்று ஒடியும். அதைத் தடுக்க, 100 மி.லி. தண்ணீரில் 5 கிராம் ஜெலட்டின் ஊறவைத்து, கொதிக்கவிடாமல் வெதுவெதுப்பாகக் கரைத்து, இரண்டு பூச்சு. முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவது. ஈரக்காற்று அதிகமுள்ள ஊர்களில் ஜெலட்டின் பூஞ்சை பிடிக்கும். அங்கே அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைத் தண்ணீராகக் கரைத்து அடிப்பதே மேல். நான்கு ஓரமும் டேப் ஒட்டிப் பலகையில் பதிக்காவிட்டால் தாள் சுருண்டுகொள்ளும்.

வண்ணங்கள்: வெள்ளை, யெல்லோ ஓக்கர், ரா சியன்னா, பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், கோபால்ட் புளூ, பிரஷ்யன் புளூ. விரிடியன் பச்சை வேண்டாம், 1859-க்குப் பிறகுதான் அது பரவலாகக் கிடைத்தது. பச்சைக்கு ஓக்கரில் ஊசிமுனை அளவு பிரஷ்யன் புளூ போதும், கொஞ்சம் கூடினாலும் மொத்தத்தையும் விழுங்கிவிடும். அன்றைய வெள்ளை ஈய வெள்ளை. இன்றைய டைட்டானியம் அதைவிடக் குளிர்ச்சி, வலிமையும் அதிகம். எனவே டைட்டானியம் கலக்கும் ஒவ்வொரு குவியலிலும் துளி ஓக்கர் சேர்க்க வேண்டியிருக்கிறது. இல்லையென்றால் பாலைவன வானம் சுண்ணாம்படித்த சுவராகிவிடும்.

அடித்தளம் பர்ன்ட் அம்பரும் டர்பன்டைனும் மட்டும். வெளிச்சம் விழும் இடங்களைத் துணியால் துடைத்து எடுக்கலாம். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் உலரும். அடியில் ஐவரி பிளாக் போட்டால் அது உலர நாளாகும். மேல் பூச்சு முந்திக் காய்ந்து வெடிக்கும். அடுத்த அடுக்குக்கு லின்சீட் எண்ணெய் ஒரு பங்கு, டர்பன்டைன் இரண்டு பங்கு. வானத்தை அடிவானத்திலிருந்து மேல்நோக்கித் தீட்டி, தூரத்துக் குன்று, நடுப் பாறை, முன்தரை என்று இறங்கலாம். மரம் பிறகு. இலைகளுக்கிடையே தெரியும் வானத் துண்டுகளை வானத்தின் நிறத்தைவிட ஒரு படி மங்கலாக வைக்க வேண்டும், அப்படியே வைத்தால் விளக்கு மாட்டியதுபோல் இருக்கும்.

பைபிளின் ஆதியாகமம் 21-இல், பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டேன் என்று ஆகார் அம்பு பாயும் தூரத்தில் போய் உட்காருகிறாள். கொரோ அவளை மகன் இஸ்மவேலின் பக்கத்திலேயே மண்டியிட வைத்தார். ஓவியனாக அது சரியான முடிவு: தூரம் விட்டால் கண் இரண்டு இடத்துக்கு அலையும், நிலக்காட்சி பின்னணியாகிப் போகும். இந்தக் காட்சியை முயல்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது மனித உருவத்தைப் பெரிதாக்குவதில்தான். இந்த அளவில் ஆகார் மூன்று செ.மீ.க்கு மேல் போனால் பாறைகள் கூழாங்கற்களாகத் தெரிகின்றன. தூரத்தில் பறந்து வரும் தூதனுக்குச் சுத்த வெள்ளை கூடாது. வான நிறத்திலேயே சற்று வெளிச்சம் கூட்டி, துளி ஓக்கர் சேர்த்தால் கண் முதலில் தாயிடமே போகும்.

இப்போதைய நிலை: வானமும் குன்றும் முடிந்தன. முன்தரையில் சில இடங்கள் பளபளப்பில்லாமல் மங்கிக் கிடக்கின்றன, எண்ணெயை அடிப்பூச்சு உறிஞ்சியதால். தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும் அங்கே மட்டும் லின்சீட்டை விரலால் மிக மெல்லியதாகத் தேய்த்துத் துடைத்தால் சரியாகும். ஃபோனில் கறுப்பு-வெள்ளையாகப் படமெடுத்துப் பார்த்ததில் நடுப் பாறையும் மரமும் ஒரே கருமையில் ஒட்டிக்கொள்கின்றன. பாறையைத்தான் ஒரு படி வெளுக்க வேண்டும்.

பிறகு பெரிதாக்கும் வேலை. ஸ்கெட்ச்சின் மேல் கண்ணாடித்தாள் வைத்து 3 செ.மீ. கட்டம் போட்டால் 9 × 6, மொத்தம் 54 கட்டங்கள். 90 × 60 செ.மீ. கேன்வாஸில் அதே கட்டம் 10 செ.மீ. ஆகும்.