போகப் போகச் சரியாகும் என்று விட்டுவிடாதீர்கள்

"ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்." "அவங்கப்பனும் ரெண்டு வயசுலதான் நடந்தான்." மன்னார்குடிப் பக்கம் எந்த வீட்டுத் திண்ணையிலும் இது காதில் விழும். பாசத்தில் சொல்வதுதான். ஆனாலும் தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

நாலு மாதமாகியும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதத்தில் தானாக உட்காரவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை என்றால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மூளை வேகமாக வளர்வது முதல் மூன்று வயதுக்குள்தான். காது கேட்காத குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் உதவி கிடைத்தால் பேச்சு நன்றாக வரும் வாய்ப்பு அதிகம்.

அங்கன்வாடிக்கு வருடம் இருமுறை மருத்துவக் குழு வரும். 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் குழு அது. தேவைப்பட்டால், வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே பயிற்சி தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசம்.

என் தங்கை மகளுக்கு அப்படித்தான் பயிற்சி நடக்கிறது. துண்டைச் சுருட்டி நெஞ்சுக்கடியில் வைத்துக் குப்புறப் போடுகிறார்கள். முன்னால் கிலுகிலுப்பை ஆட்டியதும் கழுத்து நடுங்க நடுங்கத் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள் தங்கம்! மையத்தில் கொஞ்ச நேரம்தான்; மிச்சமெல்லாம் வீட்டில் தினமும் செய்ய வேண்டும். நடவு நாளில் அம்மா வயலுக்குப் போனால் பிள்ளை பாட்டியிடம்தானே இருக்கும்? அதனால் பாட்டியையும் கூட்டிப்போய்ப் பழக்குங்கள். அப்புறம், தடுப்பூசி அட்டை, பிரசவ மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.