750 டிஐ கழற்றும் நாட்கள்

செப்டம்பர் 17, 2025

காலை 8 மணிக்கு காற்றில் ஈரம் 79 சதவீதம். கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறக்கவில்லை.

மதியம் 2 மணிக்கு 64. திறந்தாயிற்று. உள்ளே ஐ5-4590 பிராசசர், பி85 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 750 டிஐ 2 ஜிபி. 2014இல் வந்த கிராபிக்ஸ் கார்டு. 60 வாட்தான் இழுக்கும், தனி பவர் ஒயர் கிடையாது, எல்லாம் ஸ்லாட் வழியாகவே. அதனால்தான் இந்த எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை பெட்டி) இவ்வளவு காலம் தப்பித்தது.

கார்டின் பின்தகடு துரு. விஜிஏ போர்ட்டின் இரண்டு பக்கத் திருகும் துரு. ஹீட்சிங்க் அலுமினியத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. போர்டில் பேட்டரி பக்கம் இரண்டு சால்டர் புள்ளிகளில் பச்சைக் களிம்பு. தூசி விரலில் ஒட்டுகிறது. உள்ளூர்த் தூசி அப்படித்தான், உதறினால் போகாது.

இந்த மெஷினுக்கு உரியவன் அக்டோபர் 12ஆம் தேதி வருகிறான், அதற்குள் புதுக் கார்டு மாட்டியாக வேண்டும்.

செப்டம்பர் 18

கச்சான் காற்று நிற்கவே இல்லை. நாள் முழுக்க 76, 77. தொடவில்லை.

செப்டம்பர் 20

எஸ்.எம்.பி.எஸ். பக்கவாட்டு லேபிளைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 450 வாட். கீழே சின்ன எழுத்தில் +12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். 12 × 16 = 192 வாட். கணக்கு இதோடு முடிந்தது. கார்டும் பிராசசரும் குடிப்பது கிட்டத்தட்ட முழுதும் 12 வோல்ட் லைனில். மீதி வாட்டெல்லாம் 3.3லும் 5லும் சும்மா கிடக்கும். பிராசசர் 84 வாட். 130 வாட் கார்டு ஒன்று மாட்டினால் 214. ஃபேன், ஹார்ட் டிஸ்க் இன்னும் கூட்டவில்லை. கேம் திறந்த நொடியில் படக்கென்று அணையும், அல்லது அணையாமல் சூடேறி ஒருநாள் புகையும். அணைவதே மேல்.

"கன்வெர்ட்டர் ஒயர் போட்டுக்கலாம்ணே" என்று கடைப் பையன் சொல்கிறான். சாட்டா பவரிலிருந்து 8 பின் ஆக்கும் ஒயர். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர்தான் தாங்கும். மொத்தம் 54 வாட். 8 பின் கேட்பதோ 150 வாட் வரை. பிளாஸ்டிக் உருகும் வாடை முதலில் வரும். அந்த ஒயரை விற்கவே கூடாது.

செப்டம்பர் 21

மகாளய அமாவாசை. ராமேஸ்வரம் ரோட்டில் வண்டிமேல் வண்டி. மதுரையிலிருந்து எதுவும் இன்று வராது. ஆர்டரே இன்னும் போடவில்லை, ஆனாலும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 22

இன்று முதல் ஜிஎஸ்டி குறைப்பு. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு 28 சதவீதத்திலிருந்து 18. கார்டுக்கு ஏற்கெனவே 18தான், ஒரு பைசா குறையாது. "22க்கு அப்புறம் வாங்குங்க, குறையும்" என்று சொன்னவர்களுக்கெல்லாம் இதையே பதிலாக அனுப்பினேன்.

செப்டம்பர் 23

எந்தக் கார்டு? இரவெல்லாம் இதே.

ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி: 70 வாட், பவர் ஒயர் வேண்டாம். பழைய எஸ்.எம்.பி.எஸ். மாற்ற மனமில்லாதவர்களுக்கு இதுதான் வழி. ஆனால் இந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். மாற்றியபின் ஏன் 70 வாட்டுக்குள் நிற்க வேண்டும்?

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி: பழைய போர்டில் மாட்டவே கூடாது. ஸ்லாட் நீளமாக இருந்தாலும் உள்ளே நான்கு லேன்தான் (தரவு போய்வரும் பாதை) ஓடும். பிசிஐஇ 4.0 (கார்டு ஸ்லாட்டின் தலைமுறை) போர்டில் சமாளிக்கும். நமது பி85 பிசிஐஇ 3.0, பாதி வேகம். இருப்பது 4 ஜிபி. அது நிறைந்ததும் ரேமுக்கும் கார்டுக்கும் நடுவே அந்தக் குறுகிய வழியில் போய்வந்து திணறும். வீடியோ என்கோடரும் கிடையாது. எச்81 போர்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் மோசம், அதில் கார்டு ஸ்லாட்டே 2.0.

இன்டெல் ஆர்க்: ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுகும் வசதி) இல்லாத போர்டில் வேகம் பாதாளத்துக்குப் போகும். ஹாஸ்வெல் தலைமுறை பிராசசருக்கான இந்த போர்டில் அதை எதிர்பார்க்க முடியாது. தள்ளு.

ஆர்எக்ஸ் 6600: 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின், எட்டு லேன். 3.0இல் எட்டு லேன் என்றால் நொடிக்கு 8 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு, போதும். இன்னொரு காரணமும் உண்டு. நான்கு கோர், நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை) மட்டும் உள்ள பழைய பிராசசரில், டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் என்விடியா டிரைவர் பிராசசரைக் கூடுதலாகத் தின்னும். ரேடியான் (ஆர்எக்ஸ் கார்டுகள்) அந்த வகையில் கொஞ்சம் இரக்கம் காட்டும். புதிய பிராசசரில் இந்த வித்தியாசம் தெரியாது, இதில் தெரியும்.

6600 என்று முடிவு. கூடவே 550 வாட் ப்ரோன்ஸ் (மின்சாரம் வீணாகாத அளவைச் சொல்லும் தரச்சான்று) எஸ்.எம்.பி.எஸ்., 12 வோல்ட்டில் 45 ஆம்பியர்.

செப்டம்பர் 24

பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட். புதுக் கார்டு வருவதற்கு முன், பழைய கார்டில் படம் தெரியும்போதே செய்துவிட வேண்டும். அப்புறம் டிஸ்ப்ளே வராவிட்டால் எதைப் பார்த்துச் செய்வது? பென் டிரைவ் எஃப்ஏடி32, ஃபைலை மட்டும் போட்டு பயாஸுக்குள்ளிருந்தே. விண்டோஸுக்குள்ளிருந்து வேண்டாம். யுபிஎஸ் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன். அந்த நேரத்துக்குள் கரண்ட் போகும் என்று உறுதியாக நம்பினேன். போகவில்லை.

செப்டம்பர் 25

ஆர்டர் போட்டாயிற்று, இரண்டும். அப்புறம்தான் மானிட்டர் யோசனை. இருப்பது விஜிஏ மட்டுமுள்ள பழைய மானிட்டர். 6600இல் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் தவிர வேறில்லை. வெறும் ஒயர் வேலைக்காகாது, டிஜிட்டலை அனலாக் ஆக்க உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். அதையும் சேர்த்தேன்.

செப்டம்பர் 26

கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுள்ளென்று ஏறுகிறது. புறங்கையால் தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும். எர்த் இல்லாத எல்லா வீட்டிலும் இதுதான். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என்று இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் அதன் உலோக உடம்போடு சேர்ந்திருக்கும். எர்த் அறுந்தால் கேபினெட் நடுவில் தொங்கும், 230இல் பாதி, 115 வோல்ட் அளவில். கரண்ட் சொற்பம், ஆளைக் கொல்லாது. ஆனால் எச்டிஎம்ஐ ஒயரைச் செருகும் நொடியில் கார்டின் போர்ட்டைக் கொல்லலாம்.

மல்டிமீட்டரில் ஃபேஸ்–நியூட்ரல் 228, நியூட்ரல்–எர்த் 41. இரண்டாவது, இரண்டு மூன்றுக்குள் இருக்க வேண்டும்.

எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து எர்த் குழியைப் பார்த்தார். உப்பும் கரியும் போடச் சொல்வார் என்று நினைத்தேன். "மண்ணுல ஒரு குறையும் இல்ல தம்பி, தோண்டுனா உப்புத் தண்ணிதான். போல்ட்டப் பாரு." குழாயில் ஒயரைப் பிடித்திருந்த போல்ட் துருவாக உதிர்ந்தது. உப்பிட்ட ஈரமண் கரண்டை நன்றாகக் கடத்தும், அதே உப்பு இணைப்பைத் தின்னும். புது கிளாம்ப், முறுக்கி, மேலே கிரீஸ் பூசி, டேப் சுற்றினார். 1.8.

ராத்திரி மறுபடி அளந்தேன். 1.8தான்.

செப்டம்பர் 28

11 மணிக்கு ஈரம் 66. சுத்தம் செய்யும் நாள்.

இங்கே பலர் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்ததோடு முடித்துவிடுகிறார்கள். 99 சதவீத ஆல்கஹாலில் பிசுக்கு கரையும், பேஸ்ட் கரையும், உப்பு கரையாது. தேய்த்த இடத்திலிருந்து பக்கத்துக்கு நகர்ந்து உட்காரும், அவ்வளவே. பளிச்சென்று தெரியும் போர்டு இரண்டே மாதத்தில் அதே இடத்தில் மீண்டும் பச்சை கட்டுவது இதனால்தான். 75 சதவீத ஈரத்துக்கு மேல் சமையலுப்பு காற்றிலிருக்கும் தண்ணீரை இழுத்துத் தானே கசியும். கடல் உப்பில் மெக்னீசியம் உப்பும் சேர்ந்திருப்பதால் அதற்கும் கீழேயே கசியத் தொடங்கும். அந்தக் கசிவு நடுவே மின்சாரம் ஓடினால் செம்பு அரிக்கும்.

ஆகவே முதலில் தண்ணீர். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். பேட்டரி தண்ணி என்று கேட்டால் சில இடங்களில் ஆசிட்டை எடுத்து நீட்டுவார்கள், லேபிளைப் படித்து வாங்க வேண்டும். செய்த வரிசை: பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்தேன். சிமாஸ் பேட்டரியைக் கழற்றினேன். களிம்பு பிடித்த இடத்தில் மட்டும் மெல்லிய பிரஷ்ஷை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துத் தேய்த்து, பஞ்சால் ஒற்றியெடுத்தேன். அதன்பின் அதே இடத்தில் ஆல்கஹால், தண்ணீரைக் கூட்டிக்கொண்டு பறந்துபோகும். ஸ்லாட்டுக்குள் ஆல்கஹால் தொட்ட பிரஷ் மட்டும். துரு எடுக்கும் ஸ்பிரேயை ஸ்லாட்டில் அடிப்பவர்கள் உண்டு. எண்ணெய்ப் படலம் நின்று தூசியைப் பிடித்துவைக்கும்.

750 டிஐயின் தங்கப் பற்களில் கறுப்பு. வெள்ளை ரப்பரால் இரண்டு இழுப்பு. பேனா மை அழிக்கும் நீலப் பக்கம் கூடாது, அதில் மணல் இருக்கும், தங்கப் பூச்சு போய்விடும்.

மேசை ஃபேன் முன்னால் ராத்திரி வரை கிடந்தது.

செப்டம்பர் 29

பார்சல் மதுரை வந்துவிட்டதாம்.

செப்டம்பர் 30

மதுரை.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. சிபியுவுக்கும் பொட்டு வைக்கத்தான் வேண்டும், வேண்டாம் என்று யாரிடம் சொல்வது? பக்கவாட்டு மூடியில், மேல் மூலையில் சந்தனம். முன்பக்க ஜாலியில் விபூதி கூடாது, ஃபேன் அப்படியே உள்ளே இழுக்கும். சாம்பிராணி போடும்போது மெஷின் அணைந்திருக்க வேண்டும். அந்தப் புகை ஹீட்சிங்க் இடுக்கில் பிசுக்காகப் படிந்தால் தூசி அதன்மேல் மெத்தை போடும்.

பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் ஒரு பொட்டு. போகிறது பாவம்.

அக்டோபர் 2

லீவு. மதுரை.

அக்டோபர் 4

வந்தது!

பெட்டியில் ஒரு மூலை நசுங்கல். வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்தேன், ஏதாவது என்றால் அது இல்லாமல் பேச முடியாது. கார்டுக்கு ஒன்றுமில்லை. நீளம் ஸ்கேலில் 20 செ.மீ. சொச்சம், ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை இன்னும் நாலு விரல் இடம்.

மாலை 5 மணிக்கு ஈரம் 78. மாட்டவில்லை. கை துறுதுறுக்கிறது.

அக்டோபர் 5

ஈரம் 67, மதியம். மாட்டியாயிற்று.

முதலில் எஸ்.எம்.பி.எஸ். 24 பின் சரி. பிராசசருக்கு போர்டில் 4 பின்தான். புது ஒயர் 4+4, பிரித்துப் பாதியைச் செருகினால் போதும், மீதிப் பாதி தொங்கட்டும். கவனிக்க வேண்டியது: 4+4 என்பது பிராசசருக்கு, 6+2 என்பது கார்டுக்கு. இரண்டும் பார்க்க ஒரே எட்டு ஓட்டை, 12 வோல்ட்டும் கிரவுண்டும் நேர்மாறு. வளைவுகள் வேறாக இருப்பதால் தானாகப் போகாது. போகவில்லை என்றால் அமுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கார்டு இரண்டு ஸ்லாட் அகலம். சாட்டா ஒயர்கள் அதன் அடியில் மாட்டிக்கொள்ளும், அதனால் அவற்றை முதலில் செருகி வளைத்துவிட்டு அப்புறம் கார்டு. ஸ்லாட்டின் வால் கிளிப் 'டக்'கென்று பூட்டியதைக் கேட்டபின் தகட்டுத் திருகு இரண்டு. முரட்டுத்தனமாக முறுக்கினால் கார்டின் மறுமுனை தூக்கிக்கொண்டு, பற்கள் பாதி வெளியே வந்துவிடும். கடைசியில் 6+2. இரண்டு துண்டையும் விரலால் சேர்த்துப் பிடித்து ஒன்றாகத் தள்ள வேண்டும். 2 மட்டும் அரைகுறையாக நின்றால் ஃபேன் சுற்றும், படம் வராது.

ஆன். ஃபேன் சுற்றியது, நின்றது, சுற்றியது. மானிட்டர் கறுப்பு.

ஃபேன் நிற்பது சாதாரணம், சூடு குறைவாக இருந்தால் இந்தக் கார்டில் ஃபேன் ஓடாது. கறுப்புக்குக் காரணம், பயாஸில் முதல் டிஸ்ப்ளே பிராசசரின் சொந்த கிராபிக்ஸாக இருந்ததுதான். மானிட்டர் ஒயரை போர்டின் விஜிஏவில் மாற்றிச் செருகி, பயாஸில் பிசிஐஇ என்று மாற்றி, அணைத்து, மீண்டும் கன்வெர்ட்டர் வழியாக. வந்தது. ஒயரை மாற்றும்போதெல்லாம் பிளக் வெளியே. எர்த் 1.8 என்றாலும்.

சிஎஸ்எம்மை (பழைய முறையில் பூட் ஆகும் வசதி) அணைத்து முழு யுஇஎஃப்ஐ (புதிய முறை) ஆக்க ஆசைதான். அதற்காக டிஸ்க்கின் அமைப்பை மாற்றும் எம்பிஆர்டுஜிபிடி கருவியின் சோதனையே தோற்றது. பழைய டிஸ்க்கில் டி, இ டிரைவ்கள் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் இருக்கின்றன, அதை அந்தக் கருவி மாற்றாது. இந்த பிராசசரில் அதனால் கேம் வேகம் கூடப்போவதும் இல்லை. விட்டாயிற்று.

அக்டோபர் 6

டிரைவர். நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, சேஃப் மோடில் டிடியூ (பழைய டிரைவரை அழிக்கும் கருவி) ஓட்டி என்விடியா மிச்சத்தை வழித்தெடுத்தேன். நெட் இருந்தால் விண்டோஸ் முந்திக்கொண்டு தன்னிடமுள்ள பழைய டிரைவரைத் திணிக்கும். பென் டிரைவில் தயாராக இருந்த ரேடியான் டிரைவரைப் போட்டபின்தான் நெட்.

விண்டோஸ் 10க்கு 14ஆம் தேதியோடு சப்போர்ட் முடிகிறது. இந்த பிராசசர் 11க்குத் தகுதிப் பட்டியலில் இல்லை. இஎஸ்யு (நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்) திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும், மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம். அவன் கணக்கு. அவன் 12க்கு வருகிறான்.

அக்டோபர் 7

கரண்ட் போச்சு. கேம் ஓடிக்கொண்டிருந்தது. 600 விஏ யுபிஎஸ் என்றால் 360 வாட், சுவர் மீட்டரில் 220தான் ஓடியது, தாங்கியது. எஸ்.எம்.பி.எஸ். மட்டும் 'ங்ங்' என்று முனகியது. யுபிஎஸ் தருவது படிக்கட்டு அலை, புது எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அது பிடிக்காது. கேமை மூடி அணைக்கும் நேரத்துக்குப் போதும், தொடர்ந்து ஆட அல்ல.

அக்டோபர் 8

கார்டு உபயோகம் 65 சதவீதம். பிராசசர் 100. எதிர்பார்த்ததுதான், நான்கு த்ரெட்டும் மூச்சுமுட்டுகின்றன. கேமில் கூட்டத்தின் அடர்த்தி, தூரப் பார்வை, நிழல் மூன்றையும் குறைத்தேன், அவை பிராசசர் சுமை. டெக்ஸ்சரை மேலே ஏற்றினேன், 8 ஜிபி இருக்கிறது, இலவசம். ஃபிரேம் 60இல் பூட்டு, மானிட்டரே 60 ஹெர்ட்ஸ். முதல் அரை மணி திக்கலைக் கணக்கில் எடுக்கக் கூடாது, ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) அப்போதுதான் உருவாகும். அதற்குப் பிறகு நைசாக ஓடுகிறது.

இதே சாக்கெட்டில் ஐ7-4770 அல்லது ஜியான் இ3-1231 வி3 பழையது கிடைத்தால் எட்டு த்ரெட். அடுத்து அது. அதற்கும் முன் ரேம் 16.

அக்டோபர் 9

அறை 33 டிகிரி. அரை மணி ஓட்டம். எட்ஜ் (சிப்பின் ஓரச் சூடு) 70, ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்) 95. ஹாட்ஸ்பாட்டின் எல்லை 110, அதனால் ஆபத்தில்லை. ஆனால் இடைவெளி 25. அது உறுத்துகிறது. பெட்டியின் மூலை நசுங்கியிருந்ததே.

அக்டோபர் 10

69, 94. மறுபடி 25.

ஃபிரேம் பூட்டை எடுத்துவிட்டு வாட் ஏற்றினாலும் இறக்கினாலும் இடைவெளியும் கூடவே விரிந்து சுருங்க வேண்டும். 80 வாட்டில் 15 வருகிறது. வோல்டேஜை 1150 மில்லிவோல்ட்டிலிருந்து 1075க்கு இறக்கினேன், ஹாட்ஸ்பாட் 87. இறக்கிய அளவில் கேம் முறியவில்லை. ஆனாலும் இது மருந்து, நோயின் பெயர் இல்லை. நாளை பக்கமூடியைக் கழற்றி, மேசை ஃபேனைத் திருப்பிவைத்து அதே அரை மணி. இரண்டு எண்ணும் சேர்ந்து இறங்கினால் கேபினெட்டில் காற்று போதவில்லை, முன்னால் 120 எம்எம் ஃபேன் ஒன்று போட்டால் தீரும். எட்ஜ் மட்டும் இறங்கி இடைவெளி விரிந்தால் சிப்புமேல் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. கார்டின் முதுகில் நான்கு ஸ்பிரிங் திருகு, ஒன்றின்மேல் வாரண்டி ஸ்டிக்கர். அதைத் தொடாமல் வீடியோவோடு திருப்பி அனுப்ப வேண்டியதுதான். மதுரை வழியாக.