உறியில் தொங்கும் பானை

கேதார்நாத் போக ஃபாட்டா ஹெலிபேடில் காத்திருந்தோம். முதல் வேலையாக எடை மெஷினில் ஏறச் சொன்னார்கள். அம்மா செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம், அப்படியே ஏறுங்கள் என்று சைகை. கைப்பை, சால்வை, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. அப்புறம் அம்மாவை முன்னால் விமானி பக்கத்திலும் என்னைப் பின்னாலும் உட்கார வைத்தார்கள். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

ஆனால் அவர்கள் செய்தது முழுக்கச் சரி. ஹெலிகாப்டர் உறியில் தொங்கும் பானை மாதிரி. மேலே சுழலும் விசிறியின் தண்டில்தான் மொத்த உடலும் தொங்குகிறது. எடையின் மையம் அந்தத் தண்டுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். முன்பக்கம் பாரம் கூடினால் மூக்கு சாயும். விமானி கட்டுப்பாட்டுக் கம்பியைத் தன் பக்கம் இழுத்துச் சமாளிப்பார். பாரம் வரம்பு மீறினால் இழுக்க இடமே மிஞ்சாது.

மொத்த எடை இன்னொரு கவலை. கேதார்நாத் ஏறக்குறைய 3,580 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். வெயில் ஏறினால் இன்னும் குறையும். விசிறி அதேதான், தூக்கும் பலம் குறைந்துவிடும். எரிபொருளைக்கூட அளந்துதான் நிரப்ப வேண்டும்.

வரிசையில் ஒருவர் சின்னப் பையொன்றைச் சால்வைக்குள் மறைத்து ஏறப் பார்த்தார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

இறங்கியதும் அம்மா சொன்னார்: "முன் சீட்டுலேர்ந்து மந்தாகினி ஆறு முழுசாத் தெரிஞ்சுதுடா."